எம்பிஏ கோர் பாடங்களுக்கு வேவர் வாங்குவது: அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பது என்ன?

எழுதியவர்: பகுதிநேர எம்பிஏ, நியூ ஜெர்சி

வேவர் (கட்டாயமான கோர் பாடத்திலிருந்து விலக்கு) ஃபார்மைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு கிடைத்தால் பட்டத்துக்கு வேண்டிய மொத்த கிரெடிட் குறையுமா, இல்லை அந்த இடத்தில் ஒரு எலெக்டிவ் (விருப்பப் பாடம்) எடுத்தாக வேண்டுமா? பணம், படிப்பு முடியும் தேதி, விசா எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

மாநிலப் பல்கலைகளின் பகுதிநேர எம்பிஏ பலவற்றில் பாடத்திட்டம் இரண்டு அடுக்காக இருக்கும். கீழ் அடுக்கில் ஃபவுண்டேஷன் பாடங்கள்: ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், புள்ளியியல், பொருளாதாரம், அடிப்படை ஃபைனான்ஸ். பி.காம், பிபிஏ படித்தவர்களுக்கு இந்த அடுக்கின் பெரும்பகுதி கழன்றுவிடும், மொத்த கிரெடிட்டும் குறையும். கிரெடிட்டுக்கு 1,500 டாலர் என்று வைத்துக்கொண்டால் 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 4,500 டாலர் மிச்சம். வழக்கமான நிபந்தனைகள் மூன்று: அந்தப் பாடத்தில் பி அல்லது அதற்கு மேல் கிரேடு, படித்து 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் இருப்பது, அங்கீகாரம் பெற்ற கல்லூரி. சில இடங்களில் ஒரு முதுகலைப் பாடத்துக்கு ஈடாக இரண்டு இளங்கலைப் பாடங்களைக் கேட்பார்கள். காலக்கெடுவில்தான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்பவரின் பி.காம் எவ்வளவு நல்ல மதிப்பெண்ணாக இருந்தாலும் பழையதாகிவிடுகிறது. அவருக்குத் தேர்வு எழுதும் வழி இருக்கிறதா என்று கேட்பதுதான் அடுத்த படி.

முழுநேரப் பள்ளிகளில் கதையே வேறு. வார்ட்டனில் பட்டத்துக்கு 19 கிரெடிட் யூனிட் வேண்டும். கோர் பாடத்தைக் கழித்தாலும் அந்த எண்ணிக்கை இறங்காது, எலெக்டிவால் நிரப்ப வேண்டும். கொலம்பியாவில் விலக்குத் தேர்வு எழுதித் தேறினால் எலெக்டிவுக்கு இடம் கிடைக்கும். சிகாகோ பூத்தில் லீட் என்ற தலைமைப் பயிற்சி ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. கணக்கியல், மைக்ரோ பொருளாதாரம், புள்ளியியல் மூன்றிலும் ஏற்கெனவே தெரிந்தவர்கள் அதே துறையின் மேல்நிலைப் பாடத்தை மாற்றாக எடுக்கலாம். ஹார்வர்டில் முதலாண்டுப் பாடங்கள் எல்லோருக்கும் ஒன்றே. சிஏ முடித்தவரும் அங்கே கணக்கியல் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

எழுதியவர்: அக்கவுண்டிங் பக்கம், டல்லாஸ்

நம் ஊர் சிஏ, பி.காம்காரர்கள் அதிகம் கேட்பது ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் விலக்குதான். அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்க சிபிஏ (அங்கே கணக்காளருக்கான உரிமம்) இருந்தால் பெரும்பாலும் சான்றிதழே போதும். இந்திய சிஏவுக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. பாடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் பார்த்துத் தீர்மானிப்பார். உறுப்பினர் சான்றிதழை மட்டும் அனுப்பினால் அவருக்கு ஒன்றும் புரியாது. கூடவே ஃபைனல் மதிப்பெண் பட்டியலையும், ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் தாளின் பாடத்திட்டத்தையும் வையுங்கள். சிஏ தேர்வை நடத்தும் நிறுவனமே வெளியிடும் ஸ்டடி மெட்டீரியலின் பொருளடக்கப் பக்கங்கள் இதற்கு நல்ல ஆதாரம்.

தேர்வு எழுதச் சொன்னால் "இது தெரிந்ததுதானே" என்று போய் உட்காராதீர்கள். சிஏ ஃபைனலில் படிப்பது இண்ட்-ஏஎஸ் என்ற இந்தியக் கணக்கியல் தரம். அது சர்வதேசத் தரமான ஐஎஃப்ஆர்எஸ்ஸை ஒட்டியது. இங்கே கேள்வி கேப் என்ற அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி வரும். இடறுகிற இடங்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

முதலாவது லைஃபோ, அதாவது கடைசியாக வாங்கிய சரக்கே முதலில் விற்றதாக வைத்துக் கணக்கிடும் முறை. இண்ட்-ஏஎஸ் 2 அதை அனுமதிப்பதில்லை, அமெரிக்காவில் உண்டு. அதனால் லைஃபோ ரிசர்வ் கணக்கு தேர்வுக்குப் பிடித்த கேள்வி. முதலில் வாங்கியதே முதலில் விற்றதாக வைக்கும் ஃபைஃபோ முறையின் சரக்கிருப்புக்கும் லைஃபோ இருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் ரிசர்வ். ஓர் உதாரணம்: லைஃபோ முறையில் விற்ற சரக்கின் அடக்கவிலை 900, ரிசர்வ் ஆண்டுத் தொடக்கத்தில் 50, முடிவில் 80. ஃபைஃபோ முறையில் அடக்கவிலை 900-இலிருந்து ரிசர்வ் கூடிய 30-ஐக் கழித்து 870. இறுதிச் சரக்கிருப்பு 80 கூடும். வரி 21 சதவீதம் என்றால் தக்கவைத்த லாபம் 63.2 கூடும். பலர் 30-க்கும் 80-க்கும் இடையில் குழம்பி இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். அந்த ஆண்டின் லாபத்தைத் தொடுவது ரிசர்வின் மாற்றம். இருப்புநிலைக் குறிப்பைத் தொடுவது ரிசர்வின் முழுத் தொகை.

இரண்டாவது கேஷ் ஃப்ளோ (பண வரவு செலவு) அறிக்கை. கட்டிய வட்டியை நாம் ஃபைனான்சிங் (நிதி திரட்டல்) பகுதியில் எழுதிப் பழகியிருப்போம். அமெரிக்க விதிப்படி அது ஆப்பரேட்டிங் (அன்றாடத் தொழில்) பகுதி. கை தானாகப் பழைய இடத்தில் எழுதும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். மூன்றாவது மறுமதிப்பீடு. நிலம், கட்டடத்தின் மதிப்பை உயர்த்தி எழுதுவதற்கு இங்கே இடமில்லை. சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதிய பிறகு விலை மீண்டாலும் அந்தக் குறைப்பைத் திருப்ப முடியாது. ஆராய்ச்சியோடு டெவலப்மென்ட் செலவும் பெரும்பாலும் அந்த ஆண்டிலேயே செலவாகப் போய்விடும். குத்தகையில் இண்ட்-ஏஎஸ் 116 குத்தகைக்கு எடுப்பவருக்கு ஒரே முறையை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஆப்பரேட்டிங், ஃபைனான்ஸ் என்று இரண்டு வகை, லாப நட்டக் கணக்கில் இரண்டும் வேறு மாதிரி வரும்.

இந்த ஐந்தாறு வேறுபாடுகளுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்ததுதான்.

பின்னால் அமெரிக்க சிபிஏ எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: வேவர் கிரெடிட் தராது. டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடம் ஏறாது, ஏறினாலும் பூஜ்ய கிரெடிட்டோடுதான் இருக்கும். 150 செமஸ்டர் மணிநேரம் கேட்கும் வழியில் போகிறவர்களுக்கு, அதுவும் மூன்றாண்டு பி.காமோடு வந்தவர்களுக்கு, ஒவ்வொரு 3 கிரெடிட்டும் தேவைப்படும். அவர்களுக்கு வேவரைவிட அதே துறையின் மேல்நிலைப் பாடத்துக்கு மாறிக்கொள்வதே நல்லது.

புள்ளியியல் விலக்கு, பொறியியல் பட்டதாரிகளுக்கு

மேலே எழுதியவர் கணக்கியலைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பி.இ. படித்தவர்கள் குறிவைப்பது புள்ளியியல். பெரும்பாலான மனுக்கள் பாடத்தின் பெயரை நம்பியே போகின்றன, அதனாலேயே திரும்பியும் வருகின்றன.

அண்ணா பல்கலையின் 2017 ரெகுலேஷனையே (அந்த ஆண்டு வந்த பாடத்திட்டம்) எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் படித்த எம்ஏ 8402, ப்ராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி. நிகழ்தகவு, ராண்டம் ப்ராசஸ், ஐந்தில் இரண்டு யூனிட் வரிசைக் கோட்பாடு. கருதுகோள் சோதனைக்கு அதில் யூனிட்டே இல்லை. எம்பிஏ புள்ளியியலுக்கு முதுகெலும்பு மூன்று: சாம்ப்ளிங் (மாதிரி எடுத்தல்), கருதுகோள் சோதனை, ரெக்ரஷன் (ஒரு மாறி மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று அளப்பது). ஆகவே அந்தத் தாளை மட்டும் காட்டினால் நிராகரிப்பது நியாயமே. ஐடி மாணவரின் எம்ஏ 8391, ப்ராபபிலிட்டி அண்ட் ஸ்டாடிஸ்டிக்ஸில் கருதுகோள் சோதனையும் சோதனை வடிவமைப்பும் உண்டு. மெக்கானிக்கல்காரரின் எம்ஏ 8452-இலும் உண்டு, ஆனால் மீதி நியூமெரிக்கல் மெதட்ஸ். இந்த இரண்டிலும் பல்மாறி ரெக்ரஷன் ஒரு தனி யூனிட்டாக இல்லை. அந்த ஓட்டையை வேறொரு எலெக்டிவோ, கிரேடோடு முடித்த ஒரு பல்கலைப் பாடமோ அடைக்க வேண்டும். இணையவழிச் சான்றிதழை மட்டும் வைத்து அடைப்பது கடினம்.

மனுவோடு ஒரு பக்க அட்டவணை இணைப்பது மிகவும் உதவும். இடது பக்கம் அவர்களுடைய கோர் பாடத்தின் வாரவாரித் தலைப்புகள், வலது பக்கம் உங்கள் சிலபஸில் அது எந்தத் தாள், எந்த யூனிட், எத்தனை மணிநேரம். கீழே பாடநூலின் பெயர், பதிப்பு. பேராசிரியர் மேலோட்டமாகப் பார்த்தே முடிவு சொல்லும்படி அது இருக்க வேண்டும். சிலபஸ் நீங்கள் படித்த ரெகுலேஷனுடையதாக இருக்கட்டும். இணையத்தில் முதலில் கிடைப்பது 2021 ரெகுலேஷனாக இருக்கலாம். டிரான்ஸ்கிரிப்டில் உள்ள பாடக் குறியீட்டோடு அது பொருந்தாவிட்டால் சந்தேகம் வந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரியின் சிலபஸையே முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

கிரேடு எழுத்திலும் ஒரு சிக்கல். 2017 ரெகுலேஷனில் ஓ என்றால் 10 புள்ளி, ஏ+ 9, ஏ 8, பி+ 7, பி 6. இங்கே இருப்பவருக்கு ஓ என்றால் என்னவென்றே தெரியாது. டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்க விளக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். வெஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம்) மதிப்பீடு கேட்டால் பாடவாரியான அறிக்கை வேண்டும். பட்டத்துக்கு மட்டுமான சுருக்க அறிக்கையில் தனிப்பாடத்தின் கிரேடு வராது, இரண்டாவது முறை பணம் கட்ட நேரிடும். அரியர் வைத்துத் தேறிய தாளைக் காட்டாமல் இருக்க முடிந்தால் வேறு தாளைக் காட்டுங்கள்.

விலக்குத் தேர்வு வந்தால் சூத்திரம் நிறுவச் சொல்ல மாட்டார்கள். ஒரு ரெக்ரஷன் முடிவுத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். கெழு 120, ஸ்டாண்டர்ட் எரர் 50 என்றால் டி மதிப்பு 2.4; 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 20 முதல் 220 வரை; பூஜ்யம் அதற்குள் இல்லை. அத்தோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். "மற்ற மாறிகள் மாறாமல் இருக்கும்போது" என்ற நிபந்தனையோடு அந்த 120 தொழில் நடத்துபவருக்கு என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். டம்மி மாறி, இன்டராக்ஷன், மல்டிகொலினியாரிட்டி மூன்றையும் வாயால் விளக்கிப் பழகுங்கள். கணிதத்தில் கெட்டிக்காரர்கள் தவறுவது இந்த விளக்கத்தில்தான்.

எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

கிரெடிட் குறையும் வகை வேவர் என்றால் படிப்பு முன்னதாக முடியும், ஐ-20 (பள்ளி தரும் விசாப் படிவம்) முடிவுத் தேதியும் முன்னால் வரும். ஓபிடி (படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி) விண்ணப்பம் அந்தத் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை என்பதால் எல்லாமே நகரும். சிபிடிக்கு (படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் செய்யும் அனுமதி) பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும்; வேவரால் படிப்பு அவ்வளவு சுருங்கினால் இன்டர்ன்ஷிப் கோடையே இல்லாமல் போகலாம். கடைசி செமஸ்டரில் மீதமிருப்பது முழுச் சுமைக்குக் குறைவாக இருந்தால் டிஎஸ்ஓவிடம் (பள்ளியில் மாணவர் விசாவைப் பார்க்கும் அலுவலர்) முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நிரப்பும் எலெக்டிவ் ஆன்லைனாக இருந்தால் ஒரு பருவத்தில் ஒரு வகுப்பு, அதாவது 3 கிரெடிட் மட்டுமே முழுச் சுமையில் சேரும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மேஜர் எடுப்பவர்கள், கழிக்கப்போகும் பாடம் அந்த மேஜரின் கிரெடிட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மனுப் போடுங்கள்.

எதைக் கழிக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம்

இரண்டாண்டு முழுநேரப் படிப்பில் கட்டணம் பெரும்பாலும் பருவத்துக்கு ஒரே தொகை என்பதால் வேவரால் பணம் மிச்சமாகாது. கிடைப்பது நேரமும் வரிசையும். பேங்கிங் இன்டர்ன்ஷிப் நேர்காணல்கள் பொதுவாக முதலாண்டு ஜனவரியில் தொடங்கும். கார்ப்பரேட் ஃபைனான்ஸ் கோரைக் கழித்தவர் அதற்கு முன்பே வேல்யூவேஷன் (நிறுவனத்தின் மதிப்பைக் கணிப்பது) எலெக்டிவை எடுத்துவிடலாம். இந்த ஒரு லாபத்துக்காகவே ஃபைனான்ஸ் விலக்குக்கு உழைக்கலாம். சிஎஃப்ஏ சார்ட்டர் (முதலீட்டுப் பகுப்பாய்வாளர் தகுதி) இருந்தால் பல பள்ளிகள் பரிசீலிக்கும். முதல் நிலை மட்டும் தேறியிருந்தால் தேர்வு எழுதச் சொல்வார்கள்.

மாறாக, கன்சல்டிங் போக நினைக்கும் பொறியாளர் மைக்ரோ பொருளாதாரத்தைக் கழிக்க வேண்டாம். நெகிழ்ச்சி, விலைப் பாகுபாடு, கூர்னோ போட்டி (நிறுவனங்கள் உற்பத்தி அளவை வைத்துப் போட்டியிடும் மாதிரி) இவற்றை அவர் கணக்காகப் போட்டிருப்பார். ஒரு தொழிலை அதை வைத்து அலசியிருக்க மாட்டார். ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் கேஸ் நேர்காணல் முழுக்க அந்த அலசல்தான். முதல் பருவத்து கோர் வகுப்புகள் ஒரே பிரிவோடு நடக்கும் பள்ளிகளில் மூன்று நான்கு பாடம் கழித்தவர் தன் பிரிவையே பார்ப்பது அரிதாகிவிடும். தலைமைப் பண்பு, தகவல் தொடர்பு போன்ற பாடங்களுக்குப் பொதுவாக விலக்கே கிடையாது, கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காலவரிசையும் முக்கியம். இடத்தை உறுதிசெய்யும் டெபாசிட் கட்டியதும் கல்விச் சேவை அலுவலகத்துக்கு எழுதுங்கள். மே, ஜூனில் சிலபஸ் திரட்டி, ஜூலைக்குள் மனு. தேர்வுகள் பெரும்பாலும் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன். பொதுவாக ஒரே வாய்ப்பு. தோற்றால் ஜிபிஏவில் ஒன்றும் ஏறாது, கோர் பாடத்தை எடுக்க வேண்டியதுதான். அதனால் தெரிந்த பாடத்தில் முயன்று பார்ப்பதில் இழப்பில்லை.

மனு நிராகரிக்கப்பட்டால் "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தலைப்பு போதவில்லை என்று கேளுங்கள். அந்த ஒரு தலைப்புக்கு மட்டும் பழைய அசைன்மென்ட், ப்ராஜெக்ட் அறிக்கை, வினாத்தாள் இருந்தால் அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்தக் கோர் வகுப்பிலிருந்து பெயரை எடுக்க வேண்டாம். ஆட்-டிராப் (பாடம் சேர்க்கவும் நீக்கவும் தரும் அவகாசம்) கடைசி நாளுக்குள் முடிவு வந்தால் அன்று டிராப் செய்தால் போதும். எலெக்டிவுக்கு இடம் நிரம்பிவிடும் என்ற பயம் இருந்தால் அதன் வெயிட்லிஸ்டிலும் பெயரைப் போட்டு வையுங்கள்.