ஏற்காட்டில் பெரியம்மாவுக்குச் சுவாதியைக் காட்டிய இரவு

வானத்தில் பார்த்து ரசித்ததைப் பற்றி, வால்நட்சத்திரம், எரிகல் மழை என்று பலரும் எழுதுகிறார்கள். நான் சொல்லப்போவது வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிகிற ஒரு நட்சத்திரத்தைப் பற்றி. சுவாதி, அதாவது வானியலில் ஆர்க்ட்யூரஸ் என்கிறார்களே, அது.

முதலில் அதைக் கவனித்தது ஒரு மார்ச் மாதம், ஏற்காட்டின் பகோடா பாயிண்ட் மலைமுனையில். எட்டரை மணிக்கு மேல் கிழக்கே மலைக்குக் கீழிருந்த புகைமூட்டத்தில் ஒரு வெளிச்சம் சிவப்பும் பச்சையுமாக மின்னி மின்னி ஏறியது. கூட வந்த மச்சான் ட்ரோன் என்றே சாதித்தான். அடிவானத்துக்குப் பக்கத்தில் காற்று அடர்த்தி. வெளிச்சத்தைப் பிரித்துக் குலுக்கிவிடுகிறது. கொஞ்சம் மேலே வந்ததும் நிறம் ஆரஞ்சாக நிலைத்துவிட்டது.

அப்புறம் மே மாதம் பெரியம்மா ஏற்காட்டுக்கு வந்தார். நாமக்கல் நரசிம்மர் கோயிலில் அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கினால் "சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி" என்று வாய் தானாகச் சொல்லும். ஆனால் அந்தச் சுவாதியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மே மாதம் இரவு பத்து மணிக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். கழுத்து வலிக்குமே என்று கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டோம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வானம் நன்றாகத் திறந்திருந்தது. சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி. இன்னும் நீட்டினால் வெளிர் நீலமாகச் சித்திரை நட்சத்திரம்.

"இதுதானா? இத்தனை வருசமா ஐயர்கிட்ட பேரை மட்டும் சொல்லிட்டிருந்தேனே" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஏன் கண்ணு, இது மட்டும் இப்படிச் செவந்து கெடக்குது?"

"வயசாயிடுச்சுங்க பெரியம்மா."

உண்மையும் அதுதான். எடையில் நம் சூரியனைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மையத்தில் எரிபொருளான ஹைட்ரஜன் தீர்ந்துபோய், சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு அகலத்துக்கு உப்பிவிட்டது. உப்பியதில் மேற்பரப்பு 4,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தணிந்தது, சூரியனுக்கு 5,500. அந்த ஆரஞ்சு அதனால்தான். பைனாகுலரைக் கொடுத்து ஃபோகஸைச் சற்றே கலைத்துவிட்டேன். புள்ளி வட்டமாக விரிந்ததும் நிறம் நன்றாகத் தெரிந்தது. கைமாறி வாங்க எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று!

தொலைவு 37 ஒளியாண்டுதான், அதாவது ஒளி 37 ஆண்டுகளில் கடக்கும் தூரம். நட்சத்திரங்கள் காலப்போக்கில் ஒன்றையொன்று விட்டு இடம் மாறும் என்று 1718இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி சொன்னதற்கு ஆதாரமான மூன்று நட்சத்திரங்களில் இதுவும் ஒன்று. சங்க காலத்தவர் பார்த்த இடத்திலிருந்து இன்றைக்கு இரண்டு முழுநிலா அகலத்துக்கும் மேல் நகர்ந்துவிட்டது. எனக்கு இன்னமும் சிலிர்ப்பது இந்தக் கணக்குதான்.

சேலத்தில் இருப்பவர்கள் மலையேற வேண்டியதில்லை. தெருவிளக்குகளை மீறி மொட்டை மாடியிலிருந்தே தெரியும். வீட்டில் ரோகிணிக்காரர்கள் இருந்தால் மார்கழி வரை பொறுங்கள். ரோகிணி நட்சத்திரம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு நல்ல உயரத்தில் இருக்கும். அதுவும் ஆரஞ்சு ராட்சத நட்சத்திரமே, 65 ஒளியாண்டு தொலைவில்.