குச்சினை மேடை ஏற்றித்தான் ஆக வேண்டுமா?

நள்ளிரவுக் காது:
போன வாரம் ஒரு குச்சின் கச்சேரியின் காணொளி பார்த்தேன். மேடை நிறையப் புகை, பின்னால் ஆர்க்கெஸ்ட்ரா, கருவிக்கு மேலே மைக். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். தெரியாதவர்களுக்காக: குச்சின் ஏழு நரம்புள்ள பழைய சீனக் கருவி. வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டைகள் கிடையாது. பலகையில் பதித்த 13 சிப்பிப் புள்ளிகளைப் பார்த்துத்தான் இடது கை நகரும். ஓசை ரொம்பவே சன்னம். மீட்டிய பிறகும் விரல் நரம்பில் வழுக்கிக்கொண்டே போகும். சுரம் அடங்கிய பின் தேய்கிற சத்தம் மட்டும் மிஞ்சும். அந்தத் தேய்வும் இசைதான். படித்தவர்கள் தனியே உட்கார்ந்து மனத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள வாசித்த கருவி இது. பெரிய அரங்கில் வைத்தால் என்ன மிஞ்சும்? குஜெங் என்கிற இன்னொரு சீனத் தந்திக் கருவி என்றால் சரி. 21 தந்தி, விரலில் நகம் கட்டிக்கொண்டு அருவி மாதிரிக் கொட்டலாம். குச்சினை விட்டுவிடுங்கள்.

கடலோரத்தான்:
படித்தவர்கள் தனியே வாசித்தார்கள் என்று எழுதிவைத்ததும் அதே படித்தவர்கள்தான், நண்பரே. ஜீ காங்கை மறந்துவிட்டீர்களா? மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர். மரண தண்டனை. மூவாயிரம் மாணவர்கள் அவருக்காக மன்றாடியும் பலிக்கவில்லை. கொலைக்களத்தில் குச்சினைக் கேட்டு வாங்கி ‘குவாங்லிங் சான்’ என்ற பாட்டை வாசித்தார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ஊர் கூடி நிற்கும்போது வாசித்தது! வாசித்து முடித்து, கேட்டவனுக்குச் சொல்லித்தராமல் போனேனே, இது இன்றோடு போயிற்று என்று வருந்தினாராம். பொத்திப் பொத்தி வைத்தால் நடப்பது அதுதான்.

நள்ளிரவுக் காது:
அதற்கு டிக்கெட் விற்றார்களா? சாகப்போகிறவன் வாசித்ததைக் கச்சேரிக் கணக்கில் சேர்க்காதீர்கள். போ யா என்ற பழங்காலக் குச்சின் கலைஞனின் கதையைப் பாருங்கள். அவன் மலையை நினைத்து வாசித்தால் நண்பன் ஜோங் ஜூச்சி மலை என்பான், ஆற்றை நினைத்தால் ஆறு என்பான். நண்பன் இறந்ததும் போ யா நரம்புகளை அறுத்துவிட்டான், அப்புறம் தொடவே இல்லை. ‘ஓசையை அறிந்தவன்’ என்பது சீனத்தில் உயிர் நண்பனுக்கே பெயராகிவிட்டது.

கடலோரத்தான்:
நன்றி, என் பக்கத்துக்குச் சாட்சி சொன்னீர்கள். மனத்தை ஒழுங்குபடுத்தத் தனியே வாசிப்பது என்றால் கேட்பவன் செத்ததும் ஏன் நிறுத்தினான்?

நள்ளிரவுக் காது:
ஒரே ஒருவன். ஆயிரம் பேர் இல்லை.

தெம்பனிஸ் அம்மா:
குறுக்கே வருகிறேன். நான் சிங்கப்பூர், மகள் பள்ளியில் குஜெங் வாசிக்கிறாள். அருவி மாதிரிக் கொட்டலாம் என்று எழுதியவர் ஒருநாள் பயிற்சிக்கு வந்து பார்க்கட்டும். ஆசிரியை திட்டுவதெல்லாம் இடது கையைத்தான். குதிரைக்கு (தந்தியைத் தாங்கும் கட்டை) அந்தப் பக்கம் தந்தியை அழுத்திச் சுரத்தை வளைக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பல் கூசும். வலது கை வேகம் யூடியூபுக்கு. அப்புறம், குஜெங் ஒன்றும் நேற்று வந்தது இல்லை. கி.மு. 237இல் லீ சு என்ற அதிகாரி சின் நாட்டு அரசனுக்கு எழுதிய கடிதத்தில், ஜெங் (குஜெங்கின் பழைய பெயர்) மீட்டித் தொடையைத் தட்டிக் கத்திப் பாடுவதுதான் சின் நாட்டின் சொந்த இசை என்று வருகிறது. உங்கள் கருவி படிப்பறையில் இருந்தபோது எங்களுடையது தொடை தட்டிக்கொண்டிருந்தது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மகளின் சீனியர்கள் வாசிக்கிற ‘புயலோடு போர்’ 1965இல் வாங் சாங்யுவான் ஷாங்காய்த் துறைமுகத் தொழிலாளிகளை மனத்தில் வைத்து எழுதியது. அதை மெதுவாக, தியானமாக வாசிக்கச் சொல்வீர்களா?

நள்ளிரவுக் காது:
மன்னிக்கணும் அம்மா, குஜெங்கைப் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன். அந்த இடது கை விஷயம் தெரியாது. ஆனால் குச்சின் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை. பட்டு நரம்பை எடுத்துவிட்டு உலோகத் தந்தி போட்டார்களே 1960களில், ஓசை பெரிதாக வேண்டும், அறுந்து தொலையக் கூடாது என்பதற்காகத்தானே? பட்டின் கரகரப்பு போய்விட்டது.

பழஞ்சுவடி:
இரண்டு பேரும் சுவடியை விட்டுவிட்டீர்கள். குச்சினுக்கு எழுத்துமுறை உண்டு. சீன எழுத்துகளைத் துண்டாக்கி ஒட்டி, எந்த நரம்பு, எந்த விரல், எந்தப் புள்ளி என்று ஒரே கட்டத்துக்குள் சொல்லிவிடும். எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லாது. அதனால் பழைய பாட்டை எடுத்தால் தாளத்தை வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். மாதங்கள், சிலவற்றுக்கு வருடங்கள் ஆகும். ஜீ காங்கோடு போயிற்று என்ற அந்தக் ‘குவாங்லிங் சான்’ 1425இல் ஒரு மிங் வம்ச இளவரசர் அச்சிட்ட தொகுப்பில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுத்த குச்சின் கலைஞர்களில் குவான் பிங்ஹு முக்கியமானவர், 1950களில். அது ஜீ காங் வாசித்ததேதானா? யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ‘அசல்’ என்று பேசுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

1956இல் குச்சின் ஆய்வாளர் சா ஃபூசியின் குழு ஊர் ஊராகத் தேடியும் நூறு வாசிப்பாளர்கள் தேறவில்லை. இன்று ஊதுபத்தி, வெள்ளை உடை, தேநீர் என்று வகுப்பு நடத்துகிறார்கள்; எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து நாலு பேர் சுவடி படிக்க வந்தால் போதும்.

கடலோரத்தான்:
அதே குவான் பிங்ஹு வாசித்த ‘ஓடும் நீர்’தான் 1977இல் வாயேஜர் விண்கலத்தின் இசைத்தட்டில் ஏறியது. ஏழரை நிமிடம். கேட்பவன் யார், காது இருக்கிறதா என்றே தெரியாமல் அனுப்பியாயிற்று. அதைவிடப் பெரிய அரங்கு எது?

தெம்பனிஸ் அம்மா:
அதை எங்கே கேட்கலாம்?

நள்ளிரவுக் காது:
இணையத்திலேயே கிடைக்கும். பட்டு நரம்பில் வாசித்தது. ராத்திரி ஏசியை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். நடுவில் ஒரே சுழலாகத் தண்ணீர் பொங்குகிற இடம் வரும். அங்கே விரல் தேய்வதையும் கேட்கலாம்.

கடலோரத்தான்:
அந்தத் தேய்வைப் பிடித்துத் தந்தது எது? மைக்.

நள்ளிரவுக் காது:
சரி, மைக்கை விட்டுக்கொடுக்கிறேன். புகையை விடமாட்டேன்.