செக்கெம்கா சிலையை விற்றது சரியா?

நீலநதி:
செக்கெம்கா, எகிப்தின் ஐந்தாம் வம்சக் காலத்தில், அதாவது 4,000 ஆண்டுகளுக்கும் முன், எழுத்தர்களுக்கு மேலதிகாரி. அவருடைய சுண்ணக்கல் சிலை இங்கிலாந்தின் நார்த்தாம்டன் அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு மேல் இருந்தது. 2014 ஜூலையில் நகரமன்றம் அதை கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்கு விற்றது. வாங்கியவர் பெயர்கூட வெளியே வரவில்லை. இதை ஏற்க முடிகிறதா உங்களால்?

பொன்வண்டு:
ஏன் முடியாது? நார்த்தாம்டன் காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அந்த அருங்காட்சியகத்தின் பெருமையும் காலணித் தொகுப்புதான். சிலையை விற்று, கட்டடத்தைப் பெரிதாக்கி 2021இல் திறந்துவிட்டார்கள். ஊர்மக்களுக்கு எது பயன்?

நீலநதி:
முழுப் பணமும் கட்டடத்துக்கா போனது? 45 விழுக்காடு நார்த்தாம்டன் பிரபுவுக்கு! அவர் முன்னோர் கொடையாகத் தந்த சிலை அது. கொடுத்த பொருளில் வாரிசுக்குப் பங்கு என்றால் அது என்ன கொடை? இந்த விற்பனைக்காக அந்த ஆகஸ்டிலேயே இங்கிலாந்துக் கலை மன்றம் அருங்காட்சியகத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. அதனால் எத்தனையோ நிதியுதவிக்கு விண்ணப்பிக்கவே வழியில்லாமல் போனது.

கற்றளி:
பணக்கணக்கை விடுங்கள், சிலையைப் பாருங்கள். உயரம் முக்கால் மீட்டர்தான். மடியில் விரித்த பாப்பிரஸ் (நாணல்தாள்) சுருள், அதில் இறந்தபின் அவருக்குப் படைக்க வேண்டியவற்றின் பட்டியல். காலடியில் மனைவி சித்மெரித் மண்டியிட்டு அவர் காலைக் கையால் அணைத்திருக்கிறாள். அவள் உருவம் அவ்வளவு சிறியது, ஆனாலும் முகம் தெளிவாக இருக்கிறது. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இது எகிப்துக்கே போயிருக்க வேண்டும்.

பொன்வண்டு:
ஐயா, 1850 வாக்கில் ஒரு பிரபு பயணம் போய்க் கொண்டுவந்த பொருள். அன்று அது வழக்கம்தானே?

கற்றளி:
வழக்கம் வேறு, சட்டம் வேறு. தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாதென்று அன்று எகிப்தை ஆண்ட முகமது அலி 1835லேயே ஆணை போட்டுவிட்டார். ஏலத்தின்போதும் எகிப்து எதிர்ப்புத் தெரிவித்தது, யாரும் காதில் வாங்கவில்லை.

பொன்வண்டு:
பிரிட்டன் அரசு ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை போட்டுப் பார்த்ததே. உள்நாட்டில் வாங்க ஆள் வரவில்லை. நகரமன்றத்தை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

நீலநதி:
தடை வந்தது ஏலத்துக்குப் பிறகு, நண்பரே. அந்த விலைக்கு எந்த அருங்காட்சியகம் ஈடுகொடுக்கும்? ஏலத்துக்கு அனுப்பும் முன்பே இன்னொரு பொது அருங்காட்சியகத்துக்கு மாற்றியிருக்கலாம், நீண்டகாலக் கடனாகவாவது கொடுத்திருக்கலாம்.