வெண்கலக் கவசத்தில் குளிராதா?

(குழு: மாடிவீட்டுச் சொந்தங்கள்)

கயல்: என் விண்வெளிக் கதை தயார். பழைய பாணியைக் கேலி செய்து எழுதியிருக்கிறேன். சிரிக்காதவர்கள் குழுவிலிருந்து நீக்கப்படுவார்கள்.

கயல்: "செவ்வாய்க் கிரகத்தின் செங்குன்று உச்சியில் நின்றாள் வீராங்கனை ஸொர்லானா. மார்பில் வெண்கலக் கவசம், இடையில் வெண்கலப் பட்டை, இரு கைகளிலும் வாள். வேறு எதுவும் அணியவில்லை. சூறாவளியில் அவள் கூந்தல் அலைபாய்ந்தது."

பெரியம்மா: குளிராதா?

சித்தப்பா: சரியான கேள்வி அண்ணி. அங்கே சராசரியே மைனஸ் 60 டிகிரி அளவில் இருக்கிறது. காற்றழுத்தமோ பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. சூறாவளியே அடித்தாலும் கூந்தல் லேசாக அசைந்தால் அதிசயம்.

கயல்: அதைத்தானே கேலி செய்கிறேன் சித்தப்பா! அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகை அட்டைகளைப் பாருங்கள். ஆண் தலை முதல் கால் வரை விண்வெளி உடையில் இருப்பான். பக்கத்தில் நிற்கும் பெண் நீச்சல் குளத்துக்குக் கிளம்பியவள் போல இருப்பாள். இருவரும் நிற்பது ஒரே கிரகம்.

தாத்தா: உண்மை. மூர் மார்க்கெட்டில் அந்த இதழ்களை எட்டணாவுக்கு வாங்கியிருக்கிறேன். அட்டையை நாளிதழில் சுற்றித்தான் வீட்டுக்குள் கொண்டுவருவேன்.

பாட்டி: எனக்குத் தெரியும்.

தாத்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நவீன்: அக்கா, கதாநாயகன் எப்போது வருவான்?

கயல்: "கொள்ளையர் குகைக்குள் ஸொர்லானாவைக் காப்பாற்றப் பாய்ந்தான் பூமியின் தளபதி ஜேக். இங்கே ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான் என்பதை மறந்துவிட்டான். பாறையில் தலையை இடித்துக்கொண்டு மயங்கி விழுந்தவனை ஸொர்லானா இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மிச்சச் சண்டையை ஒற்றைக் கையால் முடித்தாள்."

சித்தப்பா: 1912இல் தொடராக வந்த எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கதையில் நாயகன் தாவித் தாவியே பெயர் வாங்கினான். பாவம், உன் ஜேக்குக்குக் கூரை தாழ்வு.

அத்தை: அந்தக் கதையில் இளவரசி முட்டை இடுவாளாமே, மெய்யா?

சித்தப்பா: மெய்தான். பொரிய ஐந்து ஆண்டுகள் ஆகும்.

பெரியம்மா: ஐந்து ஆண்டா! வளைகாப்பை எந்த மாதத்தில் வைப்பார்கள்?

அத்தை: அவளாவது வாள் எடுத்துச் சண்டை போடுவாளா கயல்?

கயல்: கடத்தப்படுவதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும் அத்தை. எனக்குப் பிடித்த வாள்காரி 1934இல் வந்த ஜிரெல், இடைக்கால பிரான்சின் கோட்டைத் தலைவி. படைத்த சி. எல். மூரும் பெண்தான். வங்கியில் வேலை பார்த்தார். கதை எழுதுவது அங்கே தெரிந்துவிடக் கூடாது என்று பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டார்.

அத்தை: வங்கியில் இருந்துகொண்டு கதையா? மார்ச் மாதத்தில் எங்கள் கிளைக்கு வந்து பார்க்கச் சொல். தேநீர் ஆறிப் போகும், குடிக்க நேரம் இருக்காது.

பெரியம்மா: அந்தப் பெண்ணுக்கு ஒரு கம்பளிச் சட்டையாவது எழுதிவிடு கயல். மனசு கேட்கவில்லை.

கயல்: சரி பெரியம்மா. கவசத்துக்கு உள்ளேயா, மேலேயா?

பெரியம்மா: இரண்டும்.

சித்தப்பா: சட்டை இருக்கட்டும். 1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் பள்ளங்கள்தானே தெரிந்தன? செவ்வாயில் இருப்பதாக நம்பி வானியலாளர் பெர்சிவல் லோவல் வரைந்து தள்ளிய கால்வாய்களில் ஒன்றைக்கூடக் காணோம். உன் வீராங்கனையின் நாடு எங்கே போயிற்று?

கயல்: கடைசி அத்தியாயமே அதுதான். "கேமரா வருகிறது! எல்லாரும் குகைக்குள் போங்கள்! கால்வாய்களை மூடுங்கள்! ஒரு தலைகூட வெளியே தெரியக் கூடாது!" என்று ஆணையிட்டாள் ஸொர்லானா.

பெரியம்மா: படம் எடுக்க வருகிறார்கள் என்றால் நல்ல உடை உடுத்திக்கொண்டு வாசலில் அல்லவா நிற்க வேண்டும்?

கயல்: "நம்மைக் கண்டுவிட்டால் காப்பாற்றுவதற்கு மேலும் ஆட்களை அனுப்புவார்கள். ஒரு ஜேக்கைச் சுமந்ததே போதும்" என்றாள்.

நவீன்: அப்படியானால் ஜேக் என்ன ஆனான்?

கயல்: முட்டைகளுக்குக் காவல். ஐந்து ஆண்டு ஒப்பந்தம்.

பாட்டி: சாப்பாடு அவர்கள் கொடுப்பார்களா, இவன்தான் சமைக்க வேண்டுமா?