கார்டு இருக்கும்போது இன்னொரு பாலிசி எதற்கு? உங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுங்கள்

பாலக்கோடு அக்கா:
எங்கள் மகளிர் குழுவில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு கார்டு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை. அதனால் உயிர் பிழைத்தவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். தனியாக ஒரு பாலிசி எடுக்கலாமே என்றால், "அதான் கார்டு இருக்கே, மீறினால் நகையை வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள்.

அப்படியும் சிலர் எடுத்திருக்கிறார்கள். வசதியானவர்கள் மட்டும் இல்லை. கார்டு எங்கே செல்லாது என்று நேரில் பார்த்தவர்கள். குழுவில் ஒருவர் மாமியாரைச் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கவுண்டரில் கார்டை நீட்டியதும், "இந்த வைத்தியம் பட்டியலில் வராதும்மா, முன்பணம் கட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றி அங்கேயே அடகு வைத்தார். ஊர் திரும்பிய கையோடு பாலிசி எடுத்தார். அவர் கதையைக் கேட்டுப் பக்கத்து வீடுகளிலும் எடுத்தார்கள். எந்த ஏஜெண்ட் பேசியும் அசையாத வீடுகள் அவை. உங்கள் வீட்டில் எது எடுக்க வைத்தது, எது தடுத்தது?

ஓசூர் சிப்காட்:
கம்பெனி ஆட்களுக்கு நிலைமை வேறு, அக்கா. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தவரை ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தது. நம் பங்காக 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள்; நம்மை நம்பி இருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் கிடைக்கும். சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியதும், நடந்துகொண்டிருந்த ஆறு மாதக் கணக்கோடு பிடித்தம் நின்றது. பதிலுக்குக் கம்பெனி கொடுத்த குழுக் காப்பீட்டில் மனைவி, பிள்ளைகள் மட்டும்தான். வேலையை விட்டால் அதுவும் இருக்காது. சம்பளம் ஏறினால் பாலிசி எடுப்பார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். என்னை எடுக்க வைத்தது கையில் இருந்த பாதுகாப்பு போனதுதான்.

எங்களுக்கு எடுத்தது சூப்பர் டாப்-அப். 3 லட்சம் வரை கம்பெனிக் காப்பீடு, அதற்கு மேல் இது. வருஷத்தில் பல தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் எல்லா பில்லையும் கூட்டித்தான் அந்த 3 லட்சத்தைப் பார்ப்பார்கள். வெறும் டாப்-அப் என்றால் ஒவ்வொரு தடவையும் தனியாக வரம்பைத் தாண்ட வேண்டும். முதல் ரூபாயிலிருந்தே கொடுக்கும் பாலிசியை விட பிரீமியம் நன்றாகவே குறைவு. இப்படி ஒன்று இருப்பதே எங்கள் ஷிப்டில் பலருக்குத் தெரியாது. தெரியாத பொருளை யார் கேட்பார்கள்?

அரூர்:
எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தான், நல்ல திட்டம். ஆனால் மாத்திரைச் செலவு கையைக் கடிக்காததால் "பாலிசி எதுக்குடா" என்பார். நான் விடவில்லை. வந்த ஏஜெண்ட், "சர்க்கரை இருக்குன்னு எழுத வேண்டாம், பிரீமியம் ஏறும்" என்றார். அவரை அப்படியே அனுப்பிவிட்டேன். உள்ளதை எழுதினால் அந்த நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம் காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன்பு 4 வருஷம். மறைத்தால் பில் வரும் நேரத்தில் கிளெய்மையே மறுத்துவிடுவார்கள். வேறு இடத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கூடுதல் பணம் கட்டித்தான் எடுத்தோம். அந்த ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு எத்தனை வீட்டில் ஏமாந்தார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு கிளெய்ம் மறுக்கப்பட்டால் அந்த ஊரில் பல வருஷத்துக்கு யாரும் பாலிசி பக்கம் போக மாட்டார்கள்.

தொப்பூர்:
கணவாயில் விபத்துகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை யாருக்கும் இலவசம். அதற்குப் பிறகு கார்டு இல்லாதவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற வேண்டும், அல்லது கைக்காசு. எங்கள் ஊர் லாரி டிரைவர்கள் பலர் பாலிசி வைத்திருப்பது அதனால்தான்.

காவேரிப்பட்டணம்:
எங்களுக்கு மாங்காய் காசு மே, ஜூனில் வரும். பாலிசி புதுப்பிக்கும் தேதி டிசம்பர். மனசு இருந்தும் கையில் காசு இருக்காது; ஒரு வருஷம் கந்துக்கு வாங்கிக் கட்டினோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை, அது உதவிதான். ஆனாலும் மொத்தமாகக் கட்டுவது கஷ்டம். தேதி தவறினால் என்ன ஆகும் அக்கா?

பாலக்கோடு அக்கா:
வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு, தம்பி. அதற்குள் கட்டினால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்காது. ஆனால் தேதி முடிந்து பணம் கட்டும்வரை உள்ள நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதற்குக் கிளெய்ம் கிடைக்காது. மாதத் தவணை வசதி சில கம்பெனிகளில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். புதிதாக எடுக்கப்போகிறவர்கள் விளைச்சல் காசு வரும் மாதத்தில் எடுங்கள். வருஷா வருஷம் அதே தேதியில்தான் கட்ட வேண்டி வரும்.