அம்மாயியின் தோட்டத்தைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று கணக்குப் போட்டார்களே, அந்தக் கணக்கில் வந்தவர் என் அம்மாயி (அம்மாவின் அம்மா). ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் இங்கே மறுபடியும் தேயிலை மலைக்கே வந்து சேர்ந்தார். அந்த ரயிலை இன்றும் ‘அழுகைக் கோச்சி’ என்றுதான் சொல்கிறார்.

இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. ஆனால் பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) கங்காணி, அதாவது மேற்பார்வையாளர், பேர் கூப்பிட்ட வரிசை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்திய உச்சந்தலையில் இப்போதும் முடி கொஞ்சம் குறைவுதான். தொட்டுக் காட்டிச் சிரிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கேயே தங்கிவிட்ட அவருடைய தங்கையைத் தேடுகிறோம். அம்மாயிக்குத் தோட்டத்தின் தமிழ்ப் பெயரும், லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருந்தது ‘பணிய கணக்கு’ (தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) என்பதும்தான் தெரியும். பதிவேடுகளில் இருப்பதோ வெள்ளைக்காரன் வைத்த பெயர். குடும்ப அட்டையில் அந்த வரி கரையான் அரித்துப் போய்விட்டது (தகரப் பெட்டிக்குள் வைத்தும்!).

தோட்டங்களின் இரண்டு பெயர்களும் தெரிந்த மலையக உறவுகள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள், தமிழ்ப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அப்புறம், இப்படித் தேடிக் கண்டுபிடித்தவர்கள் முதலில் எங்கே விசாரித்தீர்கள்?