அசாந்தே ஒச்சியாமே கோல்: தங்கத்தாளா, பெயின்டா? ஏலத்துக்கு முன் எதைப் பார்ப்பது?

கோல்தேடி:
ஐரோப்பிய ஏலப் பட்டியல் ஒன்றில் கானா நாட்டு அசாந்தே மக்களின் ஒச்சியாமே கோல், அதாவது தலைவரின் சார்பில் பேசுபவர் ஏந்தும் கோல், வந்திருக்கிறது. உயரம் 158 செ.மீ., மூன்று துண்டு. உச்சியில் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்த இரண்டு ஆட்கள், ஒருவர் கை உணவுப் பாத்திரத்தில். "அரண்மனைப் பொருள், 1874" என்று குறிப்பு. பழைய ரசீதோ படமோ கிடையாது. தண்டின் கீழ்த்துண்டு பழுப்பும் பச்சையுமாக இருக்கிறது. உச்சியின் பின்பக்கம் நாலைந்து சின்னத் துளைகள், பெட்டிக்குள் வெளிர் மாவு. மேலே இருப்பது தங்கம்தானா? காலத்தை நம்பலாமா? துளைக்கு என்ன வைத்தியம்?

கூமாசி_வடக்கு:
முதலில் 1874-ஐ ஒதுக்கி வையுங்கள். அந்த ஆண்டு தளபதி வூல்ஸ்லி தலைமையில் ஆங்கிலேயப் படை அசாந்தே தலைநகர் கூமாசிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. எடுத்ததில் ஒரு பங்கு லண்டன் கராட் நகைக்கடை வழியாக விற்பனைக்குப் போனது. அந்த ஆண்டைச் சொன்னால் விலை ஏறும் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். ஆனால் மரத்தில் உருவம் செதுக்கித் தங்கம் போர்த்திய உச்சிகள் பெருகியது 1900-ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும்தான். சீட்டு இல்லாமல் வருவதை 20ஆம் நூற்றாண்டுப் பொருள் என்றே கணக்கில் வையுங்கள்.

ஒருவேளை 1874 உண்மையாகவே இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது, அது கொள்ளைப் பொருள். 2024 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபவ்லர் மியூசியம் தன்னிடமிருந்த ஏழு அசாந்தே அரசவைப் பொருட்களை அசாந்தே அரசரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

உருவைப் பொறுத்தவரை, சோறு உடையவனுக்கே, பசித்தவனுக்கல்ல என்ற பழமொழி அது. தலைமைப் பதவி யாருக்கு உரியது என்ற வழக்கில் பேசும் கோல். சபையில் தலைவரின் வாயாக நிற்பவர் ஒச்சியாமே. அன்றைய விஷயத்துக்குப் பொருத்தமான கோலைத்தான் அவர் கையில் எடுப்பார். எனவே இரண்டாவது ஆளின் கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல வேலைப்பாட்டில் அவன் கை வயிற்றின் மேல் இருக்கும், பசித்தவன் அவன்தான் என்று பார்த்ததும் புரியும். இருவரும் ஒரே மாதிரி கை நீட்டியிருந்தால் செதுக்கியவர் எதையோ பார்த்து நகல் எடுத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

ரேக்கு_ராசா:
மூன்று துண்டையும் மூன்று பொருளாகப் பாருங்கள். உச்சி, மேல்தண்டு, கீழ்த்தண்டு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சொருகும் பொருத்து. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றுவது சாதாரணம். பழைய உச்சி, புதுத்தண்டு என்பது மோசடி ஆகிவிடாது, பட்டியலில் சொல்லாமல் விட்டால்தான் மோசடி. சொருகும் முளைகளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பல காலம் கழற்றி மாட்டிய முளையின் தோள்பட்டை மழுங்கி, உராய்ந்த இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். முளை வெளுப்பாகவும் வெளிப்பக்கம் கன்னங்கரேலென்றும் இருந்தால் சாயம் பூசி வயதாக்கியது. பூணில் பிளஸ் தலை ஸ்க்ரூ இருந்தால், அந்த ஸ்க்ரூவே 1930களுக்குப் பிந்தியது.

இனி தங்கம். பழுப்பும் பச்சையும் என்கிறீர்களே, தங்கம் அப்படி ஆகாது. செம்பு கலந்த பொடி பெயின்டோ, பித்தளைத் தாளோதான் பச்சை பிடிக்கும். உங்கள் கீழ்த்துண்டு தங்கமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உச்சி வேறாக இருக்கலாம். தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்களுக்குத் தெரியும், தாள் ஒட்டினால் ஓரத்தின் மேல் ஓரம் ஏறிய இடத்தில் மெல்லிய கோடு விழும். 10 மடங்கு லென்ஸில் அது தெரியும். பெயின்டாக இருந்தால் பிரஷ் தடமும், காது மடல், விரல் இடுக்கு போன்ற பள்ளங்களில் குட்டையாகத் தேங்கிய பொடியும் தெரியும். பழைய கோல்களில் தாளுக்குப் பதில் கொஞ்சம் கனமான தகடு போர்த்தி, சின்ன ஆணியால் பிடித்திருப்பதும் உண்டு.

அமிலம் தொட்டுச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். தாள் அத்தனை மெலிசு, சோதனை முடியும்போது தங்கமும் போயிருக்கும். எக்ஸ்-கதிரால் உலோகத்தை அடையாளம் காணும் எக்ஸ்-ஆர்-எஃப் கருவி போதும், சுரண்டாமலே செம்பா பொன்னா என்று சொல்லிவிடும்.

கோல்தேடி:
நன்றி. முளைப் படம் கேட்டிருக்கிறேன். கார்பன் பரிசோதனை உதவுமா?

ரேக்கு_ராசா:
பாதிதான் உதவும். 1650 முதல் 1950 வரையான மரத்துக்கு அது குழப்பமான விடையே தரும், ஒன்றுக்கு மூன்று காலம் காட்டும். ஆனால் 1955-க்குப் பிறகு வளர்ந்த மரம் என்றால் அணுகுண்டுச் சோதனைகளின் கார்பன் காட்டிக்கொடுத்துவிடும். பொய்யைப் பிடிக்க உதவும், வயதை நிரூபிக்க உதவாது.

உளுப்பு_வைத்தியர்:
வெளிர் மாவு என்றால் புழு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கலாம். பழைய மாவு பயணக் குலுக்கலில் உதிர்வதும் உண்டு. வாங்கினால், கறுப்புக் காகிதத்தின் மேல் நிறுத்தி இரண்டு மூன்று வாரம் பாருங்கள். குட்டிக் குட்டிக் குவியலாகப் புது மாவு விழுந்தால் உயிருள்ளது. அதுவரை மற்ற மரப்பொருட்களோடு சேர்க்காமல் பையில் கட்டித் தனி அறையில் வையுங்கள்.

வெறும் மரமாக இருந்தால் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைக்கச் சொல்வேன். மேலே தாள் இருப்பதால் வேண்டாம். மரம் ஒரு அளவு சுருங்கும், அடிப்பூச்சு வேறு அளவு சுருங்கும், தாள் செதிலாக எழும்பிவிடும். மண்ணெண்ணெய், கரையான் மருந்து ஊசி இரண்டும் தாளின் அடியில் கறையாகப் பரவும். ஆக்ஸிஜனை எடுத்துவிடுவதுதான் வழி.

சாதாரண பாலித்தீன் காற்றை விடும், அலுமினியப் படலம் உள்ள பை வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் 210 மி.லி. ஆக்ஸிஜன். உச்சியை மட்டும் கழற்றி 10 லிட்டர் பையில் வைத்தால் 2,100 மி.லி. ஆகிறது, 300 மி.லி. உறிஞ்சும் பொட்டலம் ஏழு. கசிவுக்கும் சேர்த்துப் பதினொன்று போடுங்கள். பொட்டலம் வேலை செய்யும்போது சூடாகும், தங்கத்தில் படாமல் அட்டைத் தடுப்பு வையுங்கள். ஆக்ஸிஜன் காட்டும் மாத்திரை ஒன்றையும் வெளியே தெரியும்படி வைத்து, பையைச் சூட்டால் ஒட்டுங்கள். மாத்திரை இளஞ்சிவப்பான நாளிலிருந்து 25 டிகிரியில் மூன்று வாரம். நடுவில் நீலம் திரும்பினால் பை கசிகிறது, கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறை குளிராக இருந்தால் இன்னும் நீட்டுங்கள், குளிரில் பூச்சி மெதுவாகத்தான் சாகும்.

பிறகு மெல்லிய பிரஷால் தூசி தட்டினால் போதும். ஈரத்துணி, எண்ணெய், பாலிஷ் எதுவும் கிட்டவே வரக்கூடாது.

கூமாசி_வடக்கு:
காகிதம் பற்றி இரண்டு வரி. கானாவின் 1969 ஆணைப்படி பழம்பொருளை வெளியே எடுக்க கானா மியூசியம்ஸ் அண்ட் மானுமென்ட்ஸ் போர்டு அனுமதி வேண்டும். ஏல நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: எந்த ஆண்டு கானாவை விட்டு வெளியேறியது, அதற்கு என்ன சான்று? பண்பாட்டுப் பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தத்தின் ஆண்டான 1970-க்கு முந்தைய ரசீதோ, தேதியிட்ட புகைப்படமோ இருந்தால் நல்லது. "பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்ற வாய்வார்த்தையைச் சான்றாக எடுக்காதீர்கள். மரப்பெட்டியில் வந்தால் பெட்டி மரம் பூச்சி நீக்கப்பட்டது என்று காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிற்கும்.

என் கருத்து, இந்தக் கோலை விடுங்கள். கூமாசி அருகே அவியா கிராமத்தில் இன்றும் செதுக்குகிறார்கள், தலைவர்களின் சபைகளில் இன்றும் கோல் ஏந்துகிறார்கள். முட்டையைப் பிடித்த கை, வலை நடுவே சிலந்தி என்று பிடித்த பழமொழியைச் சொல்லிப் புதிதாகச் செய்து வாங்கலாம். முன்பணம் கொடுக்கும்போதே பெயின்டா தாளா என்று எழுதி வாங்குங்கள். புதுவேலைக்கும் பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழை அதே போர்டில் எடுத்துத்தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் அக்ரா விமான நிலையத்தில் பிடித்து வைப்பார்கள்.